ஊமை லேப்டாப்

அந்த லேப்டாப்பைச் செய்தவன் யாரோ, அவனைச் சவூதி ஜுபைலில் ஆகஸ்ட் மாத மத்தியான வெயிலில் தலைக்குத் துண்டுகூட இல்லாமல் நிறுத்திவைக்க வேண்டும். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் நன்றாக யோசித்தும் சொல்கிறேன். ஒரு வாரம் முழுக்க அது என் உயிரை வாங்கியது.

என் பெயர் நெய்னா முகம்மது. அதிராம்பட்டினத்துக்காரன். தொண்ணூற்றெட்டில் ஜுபைலில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் கேம்ப்பில் டைம்கீப்பராக இருந்தேன். ஆட்களின் வருகையைக் குறிக்கிற டைம்கீப்பர் என்பது பேருக்குத்தான். பஸ் வராவிட்டால் என் கேபின் கதவைத் தட்டுவார்கள். பாத்ரூமில் தண்ணீர் நின்றாலும் தட்டுவார்கள், மெஸ்ஸில் சாம்பார் ஊசிப்போனாலும் தட்டுவார்கள். இத்தனைக்கும் நடுவில் மேனேஜர் ஒரு நாள் கறுப்புப் பை ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். சேஃப்டி டெஸ்டுக்கான லேப்டாப்பாம், இனிமேல் என் பொறுப்பாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஷட்டவுன் நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோகெமிக்கல் பிளான்ட்டை மொத்தமாக நிறுத்தி, குழாய்களையும் டாங்குகளையும் திறந்து பழுதுபார்க்கும் வேலைக்கு அப்படிப் பெயர். எங்கள் ஆட்களை எடுத்ததே அதற்காகத்தான். பிளான்ட்டுக்குள் போகக் கேட் பாஸ் வேண்டும், கேட் பாஸுக்கு சேஃப்டி டெஸ்டில் பாஸாக வேண்டும். அதுவரைக்கும் அந்த டெஸ்ட் ஒரு சடங்கு மாதிரிதான். சேஃப்டி ஆபீசர், ஒரு பிலிப்பைன்ஸ்காரர், இங்கிலீஷில் பேசுவார். நான் தமிழில் சொல்வேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு மெஸ்ஸைப் பார்த்துப் போவார்கள். அந்த வருஷம் பிளான்ட்காரர்களுக்கு ஞானம் பிறந்து கம்ப்யூட்டர் டெஸ்ட் என்று கொண்டுவந்துவிட்டார்கள்.

டெஸ்ட் லேசானதுதான். சி.டி.யைப் போட்டால் லேப்டாப்பிலிருந்து மூன்று சத்தம் வரும். ஏறி இறங்கி ஊளையிட்டால் தீ, சிவப்பு அட்டையைத் தொட வேண்டும். மெல்லிசாகக் கீச் கீச்சென்று விட்டுவிட்டு அடித்தால் கேஸ், மஞ்சள் அட்டை. தடித்த குரலில் ஒரே மூச்சாக நீண்டால் ஆபத்து நீங்கிவிட்டது, பச்சை அட்டை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மூன்றிலும் கேஸ் சத்தம்தான் முக்கியம். அந்த கேஸ் கசிந்தால் முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். கொஞ்சம் கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அதற்கப்புறம் ஆள் விழுவதுதான் பாக்கி. மூக்கை நம்பாதே, காதை நம்பு என்று நானே தொண்டைத் தண்ணீர் வற்ற எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஆபீசர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காதில் இயர்ஃபோன் மாட்டி டெஸ்ட் வைத்தார். போன மாதம் ஊரிலிருந்து வந்து இறங்கியவர்கள்கூடப் பாஸ். ஃபெயிலானது ஒரே ஒரு ஆள், சோலையப்பன்.

எனக்குத் தாங்கவில்லை. அறந்தாங்கிப் பக்கத்துச் சோலையப்பன் சாரம் கட்டுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எவ்வளவு உயரமானாலும் குழாயைக் கட்டி, கிளாம்ப் முடுக்கி, பலகை போட்டுவிட்டு அலுங்காமல் இறங்கிவருவார். இரண்டாம் தடவையும் ஃபெயிலானால் அவருக்குக் கேட் பாஸ் கிடையாது. கேட் பாஸ் இல்லாதவனுக்கு வேலை கிடையாது, ஃபைனல் எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். திரும்ப ஒரு விசா எடுத்துக் கிளம்புகிற வயசும் அவருக்கு இல்லை. ஊரில் அவர் மனைவி உமாராணியும் மூன்று பிள்ளைகளும் இந்த ஒரு ஆளின் சம்பளத்தில்தான் உலை வைக்கிறார்கள். உமாராணியின் தம்பி உமாபதியும் சோலையப்பனின் கேங்கில்தான் இருந்தான். அவன் சம்பளம் அவன் குடும்பத்துக்கே காணாது.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். இயர்ஃபோனில் சத்தமே வரவில்லை என்றார் சோலையப்பன். நான் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கரகரவென்று இரைந்தது, ஒயரும் முறுக்கிக் கிடந்தது. அவ்வளவுதான், எனக்கு ஏறிவிட்டது. ஓட்டை இயர்ஃபோனைக் கொடுத்து ஒரு மனுஷன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களா என்று ஆபீசரிடம் சண்டைக்கு நின்றேன். அவர் நல்ல மனுஷர். சரி, பத்து நாள் கழித்துச் சனிக்கிழமை திரும்ப வைக்கிறேன், அதுவரைக்கும் நீயே இவருக்குப் பயிற்சி கொடு என்றார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு நான் இரண்டு டீ குடித்தேன்.

மறுநாள் சாயங்காலம் பயிற்சிக்காக லேப்டாப்பைத் திறந்தால் ஊமையாகக் கிடக்கிறது. படம் ஓடுகிறது, அலாரம் விளக்கு திரையில் மினுக்குகிறது, சத்தம் மட்டும் இல்லை. பையைத் துழாவினால் இயர்ஃபோனையும் காணோம். எவனோ வாக்மேனுக்கு ஆகும் என்று தூக்கிவிட்டான் என்று நினைத்தேன். திருட்டுப் பயல்கள் என்று கேம்ப்புக்கே கேட்கும்படி ஏசினேன்.

முதலில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் திருகினேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும், அதைத் தட்டி உள்ளே இருக்கிற கோடுகளையெல்லாம் உச்சிக்கு ஏற்றினேன். நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒரு முனகல்கூட இல்லை.

அதற்குள் கேபினில் கூட்டம் கூடிவிட்டது. எங்கள் கேம்ப்பில் எதற்கும் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஏசி குளிரில் உள்ளே ஈரம் கோத்திருக்கும், வெயிலில் காயவைக்கலாம் என்றான் ஒருவன். மணல் புகுந்திருக்கும், கம்ப்ரசர் காற்றைப் பிடித்து அடித்தால் பறந்துவிடும் என்றான் இன்னொருவன். மெஸ் சமையல்காரர் கரண்டியோடு வந்து, அவர் ரூம் டி.வி. இப்படித்தான் மக்கர் பண்ணும், பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் பேசிவிடும் என்றார். தட்டுவதற்குக் கையையும் ஓங்கிவிட்டார். நான் குறுக்கே பாய்ந்து லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படி அணைத்ததில்லை.

கடைசியில் ஸ்டோர் கிளார்க் ஜெயசீலனைக் கூப்பிட்டேன். நாகர்கோவிலில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துச் சர்டிஃபிகேட் வைத்திருப்பவன். அந்தச் சர்டிஃபிகேட்டை லேமினேட் செய்து கட்டில் தலைமாட்டில் மாட்டியும் வைத்திருந்தான். வந்து உட்கார்ந்தான், கண்ணாடியைத் துடைத்தான், வைரஸ் என்றான். வைரஸ் தேடுகிற ஃபிளாப்பியைப் போட்டுவிட்டு, அது ஓடி முடிக்கிற வரைக்கும் என் டீயையும் என் பிஸ்கட்டையும் காலி செய்தான். வைரஸ் எதுவும் இல்லை. அப்படியானால் விண்டோஸ்தான் குட்டிச்சுவராகிவிட்டது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றான்.

என் வெள்ளிக்கிழமை அதில் போயிற்று. ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்தேன், ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஓடிக்கொண்டிருந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்தபோது ஜெயசீலன் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தான். எல்லாம் புத்தம் புதுசு அண்ணே என்றான். சத்தம் வருகிறதா என்று கேட்டேன். அதுதான் வரவில்லை என்றான்.

மறுநாள் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கம்ப்யூட்டர் கடை மலையாளி திருப்பிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். போர்டு போயிருக்கும், லேப்டாப்பில் சவுண்டை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியாது, துபாய்க்கு அனுப்பினால் ஒரு மாதத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார். திறந்து பார்க்கவாவது செய்தாரா என்றால் அதுவும் இல்லை. இதைச் சொல்வதற்கு ஒரு கடை, அதற்கு ஒரு போர்டு.

ஆபீசருக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். இந்த ஒரு ஆளுக்கு மட்டும் பழையபடி பாடம் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாமா என்றேன். முடியாது என்றார். அடுத்த சனிக்கிழமை மிஷின் ஓடினால் டெஸ்ட், ஓடாவிட்டால் ஃபெயில்தான், பிளான்ட் ரூல் என்றார்.

அந்தச் சேதியைக் கேங்கிடம் போய்ச் சொன்னேன். சோலையப்பன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பீடியை இழுத்தார். உமாபதிக்கு முகம் செத்துப்போயிற்று. அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்கல்ல பாய் என்று இரண்டு தடவை கேட்டான். பண்ணுவார்கள் என்றேன். சோலையப்பன் என் தோளைத் தட்டி, விடுங்க பாய், நமக்கு விதிச்சது நடக்கும் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. பிழைப்பு யாருடையது? அலைகிறவன் நான், பீடி பிடிக்கிறவர் அவர். நான் ஏதோ என் மகன் கல்யாணத்துக்கு மேளக்காரன் தேடுகிற மாதிரி நாயாய் அலைகிறேன், இந்த மனுஷன் விதி பேசுகிறார்.

வியாழக்கிழமை டூட்டி முடிந்து வந்ததும் வெறுத்துப்போய் ஒரு காரியம் செய்தேன். ரூம்மேட்டின் வாக்மேனிலிருந்து இயர்ஃபோனைப் பிடுங்கிவந்து லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் சொருகினேன். பாதிக்கு மேல் போகவில்லை. அழுத்தினேன், உள்ளே எதிலோ முட்டிக்கொண்டு நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், துளையின் அடியில் மஞ்சளாக ஒரு புள்ளி மினுங்குகிறது.

பழைய இயர்ஃபோனின் முனை அது. ஒடிந்து உள்ளேயே கிடந்திருக்கிறது. இயர்ஃபோன் மாட்டினால் லேப்டாப் தன் ஸ்பீக்கரைத் தானே அடைத்துக்கொள்ளும். துளைக்குள் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, இயர்ஃபோன் முனை அதைத் தள்ளினால் ஆள் வந்துவிட்டான், ஸ்பீக்கர் வேண்டாம் என்று அது நினைத்துக்கொள்ளும். ஒடிந்த முனை அந்தத் தகட்டை ஒரு வாரமாகத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தத் துக்கடாப் பித்தளைக்குத்தான் என் வெள்ளிக்கிழமை போயிற்று, விண்டோஸ் போயிற்று, துபாய் வரைக்கும் பேச்சுப் போயிற்று.

ஜெயசீலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் அப்பவே நினைச்சேன் அண்ணே என்றான். அவனை ஒன்றும் சொல்லாமல் விட்டதற்கு அல்லாஹ் எனக்கு நன்மை எழுதியிருப்பான். ஒரு காலி பேனா ரீஃபிலின் நுனியில் ஃபெவிகுவிக் ஒரு சொட்டு வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு துளைக்குள் விட்டு, அந்தப் புள்ளியில் ஒட்டிக் காயவிட்டேன். பிறகு மெதுவாக இழுத்தேன். முள் எடுக்கிற மாதிரி வந்துவிட்டது. சி.டி.யைப் போட்டேன். தீ அலாரம் போட்ட ஊளையில் ஜெயசீலன் நாற்காலியோடு பின்னால் சரிந்தான். யா அல்லாஹ், அந்த ஊளை எனக்குத் தேனாக இருந்தது.

உடனே சோலையப்பனைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் கேங்கும் பின்னாலேயே வந்து சுவர் ஓரமாக நின்றது. சோலையப்பனை ஸ்டூலில் உட்காரவைத்தேன், உமாபதி மட்டும் அவருக்குப் பின்னால் ஒட்டி நின்றான். மூன்று அட்டைகளையும் மேஜையில் பரப்பினேன். தீ சத்தம் போட்டேன், சிவப்பைத் தொட்டார். நீளச் சத்தம் போட்டேன், பச்சையைத் தொட்டார். இதற்குத்தானே இத்தனை பாடு என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கேஸ் சத்தம் போட்டேன். கொஞ்சம் தாமதித்து மஞ்சளைத் தொட்டார்.

சபாஷ் என்று சொல்லப்போனேன். அப்போதுதான் உமாபதியின் முழங்கால் பின்னால் இழுபடுவதைப் பார்த்தேன். சோலையப்பனின் முதுகை அவன் முழங்காலால் லேசாக இடித்திருந்தான்.

உமாபதியைச் சுவர் ஓரம் போய் நிற்கச் சொன்னேன். திரும்பவும் தீ, பிறகு பச்சை. இரண்டும் சரி. கேஸ் சத்தத்தைப் போட்டேன். சோலையப்பன் அட்டைகளுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருகை உச்சிக்கு ஏற்றினேன். கீச் கீச்சென்று காது ஜவ்வைக் கிழித்தது. நைட் டூட்டிக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து ரூம்காரன் பிளைவுட் சுவரை ஓங்கிக் குத்தி, க்யா ஹை பாய், சோனே தோ, தூங்கவிடு என்று இந்தியில் கத்தினான். சோலையப்பன் பொறுமையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சிட்டீங்களா பாய்?" என்றார்.

நான் திருகைத் திருப்பிச் சத்தத்தைக் குறைத்தேன். நான் கேங்கைப் பார்த்தேன். ஒவ்வொருவனும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ரூமில் அதுவரைக்கும் விஷயம் தெரியாத ஆட்கள் நானும் ஜெயசீலனும்தான் என்று புரிந்தது.

"நாந்தான் பாய் ஒடிச்சேன்," என்றான் உமாபதி. "நீங்க தொழுகப் போயிருந்தப்ப. மிஷின் கெட்டுப்போச்சுன்னா பழையபடி கையெழுத்த வாங்கிக்கிட்டு விட்ருவாகன்னு நெனச்சேன்."

மற்றதை ஆளுக்குக் கொஞ்சமாகச் சொன்னார்கள். சாரத்துக்கு வருவதற்கு முன்னால் சோலையப்பன் பல வருஷம் டாங்குக்குள் காது பிளக்கும் இரைச்சலில் நின்று துருச் சுரண்டுகிற வேலை பார்த்தவர். காதை அடைக்கக் கம்பெனி பஞ்சு கொடுத்திருக்கிறது. பஞ்சு வைத்தால் ஃபோர்மேன் கூப்பிடுவது கேட்காது, ஏச்சு விழும் என்று அதை வைத்துக்கொள்ளவே இல்லை. இப்போது தடித்த சத்தம் கேட்கிறது, மெல்லிசுச் சத்தம் எதுவும் கேட்பதில்லை. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வார். சைட்டில் யாராவது ஒருவன் அவர் பக்கத்திலேயே இருப்பான், கூப்பிட வேண்டுமென்றால் சட்டையை இழுப்பான். இது அந்தக் கேங்கின் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரே ஊர்க்காரர்கள், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான் சண்டை போட்டு ஆபீசரிடம் தவணை வாங்கியபோதுகூட ஒருத்தன் சொல்லவில்லை.

எனக்கு எங்கிருந்து தொடங்கி ஏசுவது என்றே தெரியவில்லை. ஒரு வாரம் பைத்தியக்காரன் மாதிரி அலையவிட்டார்களே என்று ஒரு பக்கம் கொதித்தது. இந்த மனுஷனை எப்படி ஊருக்கு அனுப்புவது என்று இன்னொரு பக்கம் தவித்தது.

உமாபதி என் பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "சனிக்கிழமை ஆபீசர் இங்கனதான வந்து வைப்பாரு. நான் பக்கத்துல நின்னுக்கிறேன், நீங்க கண்டுக்காதீங்க. பிளான்ட்டுக்குள்ளயும் மச்சான் கூடவே நான் இருப்பேன் பாய். கேஸ் அடிச்சா இழுத்துக்கிட்டு ஓடியாந்துருவேன்."

கேங் மொத்தமும் தலையாட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் ஆசை வந்தது. ஒரு முழங்கால் இடி, ஒரு மஞ்சள் அட்டை, அதோடு கலாஸ், வேலை முடிந்தது. உமாராணி வீட்டு அடுப்பு அணையாது. ஆனால் அந்த டாங்குகள் என் கண் முன்னால் வந்து நின்றன.

நான் உமாபதி பக்கம் திரும்பிச் சொன்னேன். "நீ கக்கூஸுக்குப் போயிருக்கிற நேரத்துல அடிச்சா?"

அவன் என் கையை விட்டுவிட்டான்.

நான் முகத்தைத் திருப்பிப் பேசியதால் சோலையப்பனுக்கு என் வாய் தெரியவில்லை. "பாய் என்னடா சொல்றாக?" என்று உமாபதியைக் கேட்டார். அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அவர் மற்றவர்களைப் பார்த்தார், எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "சொல்லேண்டா" என்றார் மறுபடியும். உமாபதி குனிந்து அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, நான் சொன்னதை அப்படியே உரக்கச் சொன்னான். இரண்டாவது தடவைதான் அவருக்குப் பிடிபட்டது. சொல்லி முடித்ததும் அவன் அங்கேயே குந்தி, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான்.

சோலையப்பன் மூன்று அட்டைகளையும் ஒன்றாக அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

"அதுவும் ஞாயந்தான பாய்," என்றார். "இவன் வந்து பாக்கயில நான் செத்துக் கெடந்தா, இவன் எப்படி அக்கா மொகத்துல முழிப்பான்? எனக்குக் கேக்கலன்னே ஆபீசர்ட்டச் சொல்லிருங்க."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? காலையில் மேனேஜர் காலில் விழுந்தாவது மெஸ்ஸிலோ லாண்டரியிலோ, கேட் பாஸ் கேட்காத ஒரு வேலை வாங்கித்தர முயற்சி செய்கிறேன் என்று சொல்லவந்தேன். அந்த மேனேஜர் இரங்குகிற ஆள் இல்லை என்று தெரியும், விட்டுவிட்டேன். சோலையப்பன் உமாபதியைத் தோளில் தொட்டு எழுப்பி, அணைத்தபடி வெளியே கூட்டிப்போனார். கேங்கும் பின்னால் போயிற்று.

எனக்கு யாரையாவது வாய் வலிக்கத் திட்ட வேண்டும் போலிருந்தது. லேப்டாப்பைப் பார்த்தேன். ஒருவரும் முழுசாக நிறுத்தாததால் கேஸ் அலாரம் இன்னும் கீச் கீச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.